காகிதமில்லாத காரின் விலை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு விற்பவர் சொல்லும் விலை அதிகமா, சரியா என்று தீர்மானிக்க வேண்டி வந்தால், பெரும்பாலோர் முதலில் பார்ப்பது அதே மாடல் மற்ற இடங்களில் என்ன விலைக்குப் போகிறது என்பதைத்தான். பத்துக் கார்களின் விலையைக் கூட்டிப் பத்தால் வகுத்து, அதற்கு மேலே இருந்தால் அதிகம், கீழே இருந்தால் மலிவு என்று முடிவுக்கு வருகிறார்கள். தங்கத்துக்கு இந்த வழி சரி. ஒரு பவுன் இன்னொரு பவுனைப் போலத்தான் இருக்கும். ஆலையிலிருந்து நேற்று வெளிவந்த காருக்கும் சரி. இருபத்தைந்து ஆண்டுகள் ஓடி நாலைந்து கை மாறிய காருக்கு இது பொருந்தாது. ஒரே மாதத்தில் ஒரே ஆலையைவிட்டு வந்த இரண்டு கார்கள் இத்தனை காலத்துக்குப் பிறகு இரண்டு வேறு பொருள்கள் ஆகிவிடுகின்றன. பெயர் மட்டும்தான் பொது. ஆகவே 'இந்த மாடலின் விலை' என்று ஒன்றை வைத்துக்கொண்டு தொடங்கும் கணக்கு தொடக்கத்திலேயே பிசகுகிறது. என் கட்சி இது: ஆதாரம் காட்டாத உறுதிக்கு விற்பவர் கேட்கும் பணம்தான் அதிக விலை. அந்த அளவுகோலின்படி 22,000 டாலர் கேட்கும் கார் அதிக விலையாகவும், அதே மாடலில் 32,000 கேட்கும் கார் நியாய விலையாகவும் இருக்க முடியும்.

இதைச் சோதித்துப் பார்க்க போர்ஷே 911-ஐவிடப் பொருத்தமான வண்டி கிடைக்காது. 1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் காட்டப்பட்டது. நடுவில் பூஜ்யம் வரும் மூன்றிலக்கப் பெயர்களுக்கு பெஜோ நிறுவனம் உரிமை கோரியதால் மறு ஆண்டு 911 ஆனது. பின்பக்கத்தில் இன்ஜின், அதில் காற்றாலேயே குளிரும் ஆறு சிலிண்டர்கள் என்ற அமைப்பு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்தது. அந்த வரிசையில் கடைசித் தலைமுறைக்கு ஆலைக்குள் வைத்த எண் 993. 1997இல் வெளியான அடுத்த தலைமுறை 996. அதன் இன்ஜின் தண்ணீரால் குளிர்வது. 993 தொடக்கத்தில் 272 குதிரைத்திறனோடு வந்தது, 996 வரும்போதே 300. எடையும் சுமார் ஐம்பது கிலோ குறைவு. வேகம், இடவசதி, பிடிப்பு என்று எதை எடுத்தாலும் பிந்தையது ஒரு படி மேல். ஆனால் அமெரிக்கச் சந்தையில் நல்ல நிலையிலுள்ள 993 கரேரா (911-இன் அடிப்படை வகை) ஒன்றின் விலையில் 996 கரேரா இரண்டையாவது வாங்கிவிடலாம். வேகமான கார் மலிவு, மெதுவான கார் விலை உயர்ந்தது. திறனுக்கு விலை என்று நம்புகிறவருக்கு இது புரியவே புரியாது.

காரணம் வண்டியைச் சுற்றி நிற்கும் கதையில் இருக்கிறது. 993 கடைசி, இனி அப்படி ஒன்றைச் செய்ய முடியாது. சுமார் 68,000 மட்டுமே செய்யப்பட்டன. 996 சுமார் 1,75,000. அதோடு 1990களின் தொடக்கத்தில் போர்ஷே மூழ்கும் நிலையில் இருந்தது. செலவைக் குறைப்பதற்காக, விலை குறைந்த பாக்ஸ்டரும் புதிய 911-உம் முன்பகுதியையும் கதவுகளையும் முகப்பு விளக்குகளையும் பகிர்ந்துகொண்டன. ஆரஞ்சு நிறச் சமிக்ஞை விளக்கும் உள்ளேயே அடங்கிய அந்த விளக்குக்குப் 'பொரித்த முட்டை' என்று பெயர் விழுந்தது. நிறுவனத்தைப் பிழைக்கவைத்த முடிவே அந்தக் காரின் மதிப்பைக் கால் நூற்றாண்டுக்குத் தாழ்த்திப் பிடித்தது என்பதை நினைக்கும்போது எனக்கு 996 மேல் ஒரு பரிவு தோன்றாமல் இல்லை. ஆனால் பரிவு வேறு, விலை வேறு. ஒரு மாடலுக்குச் சந்தை தரும் மதிப்பு இப்படி அழகு, அரிது, முதல், கடைசி என்ற நினைப்புகளால் ஆனது. அதை அதிகம் என்றோ குறைவு என்றோ வாதிட்டு நிறுவ யாராலும் முடியாது. வேண்டுமானால் வாங்கலாம், வேண்டாமென்றால் விடலாம். நியாய அநியாயம் பேச இடமிருப்பது அதற்கு அடுத்த அடுக்கில், எதிரே நிற்கும் இந்த ஒரு வண்டியின் விலையில்.

அந்த அடுக்குக்கு 996-இன் இன்ஜினே நல்ல பாடம் தருகிறது. கிராங்க் தண்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் கேம் தண்டுகளுக்குக் கடத்த நடுவில் ஓர் இடைத்தண்டு இருக்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவது மூடிய பால் பேரிங். மூடி நைந்துபோனால் உள்ளிருக்கும் கிரீஸ் கழுவப்பட்டு, இன்ஜினின் பழைய ஆயில் உள்ளே தேங்குகிறது, குண்டுகள் தேய்கின்றன. பேரிங் உடைந்தால் சங்கிலியின் ஒழுங்கு குலைந்து வால்வுகள் பிஸ்டனில் மோதுகின்றன. அதோடு இன்ஜின் முடிந்தது. இடைத்தண்டின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கிய ஐஎம்எஸ் என்ற மூன்று எழுத்தாக இந்தக் குறை உலகமெங்கும் பரவியது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2001 முதல் 2005 வரையிலான மாடல் ஆண்டுகளைச் சேர்ந்த வண்டிகள் அதில் அடங்கின. அந்த வழக்கின் வழியாக வெளிவந்த கணக்கு, ஒற்றை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங்கில் சுமார் எட்டு சதவீதம் பழுது, அதற்கு முந்தைய இரட்டை வரிசைப் பேரிங்கில் சுமார் ஒரு சதவீதம் என்றது. இன்ஜின் போனால் 20,000 டாலர் செலவு என்று வைத்துக்கொள்வோம். எட்டு சதவீத வாய்ப்பின் விலை 1,600 டாலர். ஆனால் ஐஎம்எஸ் பயத்தினால் 996-இன் விலையில் விழுந்த சரிவு இதைப்போலப் பல மடங்கு. 2010களின் நடுவில் நல்ல கரேராக்கள் 20,000 டாலர் அளவில் கிடைத்தபோது, விலை குறைவாக இருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

அதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். இன்று 'ஐஎம்எஸ் மாற்றியாகிவிட்டது' என்று விளம்பரத்தில் ஒரு வரி சேர்த்து, அதற்காக ஏழாயிரம், எட்டாயிரம் டாலர் கூட்டிக் கேட்பவர்கள் உண்டு. பேரிங்கை எட்ட கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதனால் வழக்கமாக கிளட்ச் மாற்றும்போதே இதையும் செய்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து சில ஆயிரம் டாலர் வேலை. ரசீது இருந்தால், அதில் தேதியும் ஓடிய தூரமும் என்ன வகைப் பேரிங் என்பதும் எழுதியிருந்தால், அந்தச் சில ஆயிரத்தைக் கூட்டித் தருவது நியாயம். ஒருவரை நாள்கணக்கில் பணிமனைக்கு அலையவிடாமல் காப்பாற்றியதற்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் தவறில்லை. ரசீது இல்லாவிட்டால் அந்த வரிக்கு ஒரு டாலரும் தரக் கூடாது. செய்த வேலை பொய் என்பதால் அல்ல, உண்மையாகவே செய்திருக்கலாம். ஆனால் வாங்கிய பிறகு, மன நிம்மதிக்காக அதே வேலையை வாங்குபவர் மறுபடி செய்யப்போகிறார். இரண்டு முறை பணம் கட்டும்படி ஆகிறதே, அதைத்தான் அதிக விலை என்கிறேன்.

எட்டு சதவீதம் என்பது ஆயிரக்கணக்கான கார்களின் சராசரி, ஒருவர் வாங்குவது ஒரே கார், அது உடையும் அல்லது உடையாது, இடையில் 1,600 டாலர் என்று ஒன்று இல்லையே என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி சரியான கேள்வி. சராசரியால் ஆறுதல் பெறுவது பல கார்களை வாங்கி விற்கும் வியாபாரிக்கே சாத்தியம். தனி மனிதருக்கு வேறொரு கணக்கு தேவை: இன்ஜின் உடைந்தாலும் தன் வாழ்க்கை உடையாத அளவு பணம் தனியே இருக்கிறதா? கையிலிருக்கும் முழுத் தொகையையும் வண்டிக்கே கொடுத்துவிடுகிறவருக்கு எந்த 911-உம் அதிக விலைதான், பாதி விலைக்கு வந்தாலும். இப்படிப் பார்த்தால் அதிக விலை என்பதில் ஒரு பங்கு வண்டியில் இருக்கிறது, ஒரு பங்கு வாங்குபவரின் பையில் இருக்கிறது. இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே 996 உடலுக்குள் வந்த டர்போவுக்கும் ஜிடி3-க்கும் போர்ஷேயின் இன்ஜின் வடிவமைப்பாளர் ஹான்ஸ் மெட்ஸ்கரின் வடிவமைப்பிலிருந்து வந்த வேறு இன்ஜின்; இந்தப் பேரிங் பிரச்சினை அவற்றில் இல்லை. ஐஎம்எஸ் பயத்தைக் காட்டி அவற்றின் விலையைக் குறைக்கப் பார்க்கிறவர் தன் அறியாமையைத்தான் காட்டுகிறார்.

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1970இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்து எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. 2001இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததன் பின்னால் அது இருந்தது. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எதையும் சராசரி வண்டியாகவே எண்ணி, சராசரி விலைதான் தருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்குக் கொடுக்க மனமில்லாமல் ஒதுங்குவார். மோசமானவையே சந்தையில் தேங்கும். இதன்படி, சராசரி விலையைக் கையில் பிடித்துக்கொண்டு அலைகிறவர் தனக்கு மோசமான வண்டியைத் தானே தேடிக்கொள்கிறார். ஆனால் இருபத்தைந்து ஆண்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு இந்தச் சித்திரத்தில் ஒரு திருத்தம் தேவை என்று நினைக்கிறேன். ஐந்தாவது உரிமையாளருக்கும் வண்டியைப் பற்றி அதிகம் தெரியாது. இரண்டாமவர் குளிர்ந்த இன்ஜினை முறுக்கி ஓட்டினாரா, மூன்றாமவர் ஆயிலை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றினார், நாலாமவர் எதில் மோதினார் என்பதெல்லாம் அவருக்கும் இருட்டு. அவர் மறைக்கவில்லை; அவரிடம் மறைக்க ஒன்றும் இல்லை. இருவரும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள், ஒருவர் மட்டும் வெளிச்சத்துக்கு விலை சொல்கிறார். வண்டியின் வாழ்க்கையை நினைவில் வைத்திருக்கும் மனிதர் யாருமில்லாதபோது, அதன் நினைவாக எஞ்சுவது காகிதங்களும் உலோகத்தில் படிந்த தடயங்களும்தான்.

அந்தத் தடயங்கள் நாம் எண்ணுவதைவிட அதிகமாகப் பேசும். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலையை மறைப்பார்கள். ஆனால் மாடு வெளிச்சத்தில் நிற்கும், பல்லையும் சுழியையும் யாரும் பார்க்கலாம். பழைய காரில் இது தலைகீழ்: விலை ஊரறிய எழுதியிருக்கிறது, உடம்புதான் துண்டுக்கடியில். துண்டை விலக்க வழிகள் உண்டு. 996-இன் முன்மூடியின் உட்புறத்தில், அந்த வண்டி ஆலையிலிருந்து எந்தெந்த வசதிகளோடு, எந்த நிறத்தில் வந்தது என்ற குறியீடுகள் அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். அதே தாளின் இன்னொரு படி பராமரிப்புப் புத்தகத்தில். மூடியில் அது இல்லையென்றால் மூடியே மாற்றப்பட்டிருக்கலாம், அதாவது முன்னால் எங்கோ மோதியிருக்கலாம். பெயின்ட்டின் தடிமனை அளக்கும் சிறு கருவி, டிங்கரிங் செய்து மறுபடி பூசிய இடத்தை உடனே காட்டிக்கொடுக்கும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. கோடுகள் ஆழமாக இருக்கும் பத்து வயது டயர், அந்தக் கார் எவ்வளவு காலம் சும்மா நின்றது என்பதையும், உரிமையாளர் எங்கே சிக்கனம் பிடித்தார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, அது ஓடிய மணிநேரத்தைக் குறித்து வைத்திருக்கும். மைல்களை அந்த மணிகளால் வகுத்தால் சராசரி வேகம் வரும். நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் ஒவ்வாத எண் வந்தால் ஓடோமீட்டரைச் சந்தேகிக்க வேண்டும். ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்குப் பதிலாக இரண்டில் போட்டு இன்ஜினை எல்லை மீறிச் சுழலவைத்த தருணங்களும் அதே கணினியில் பதிந்திருக்கும். சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்க்க, மெல்லிய குழாய்க் கேமராவை உள்ளே விட்டால் போதும். ஐஎம்எஸ் பற்றி எல்லோரும் பேச, பேசப்படாத இந்தக் கீறல்தான் சில இன்ஜின்களைக் கொல்கிறது. இத்தனையையும் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஒரே நாளில் பார்த்து முடித்துவிடுவார். அவருக்குத் தரும் சில நூறு டாலர், வண்டியின் விலையில் சிறு துளி. சோதனைக்கு வண்டியைத் தர மறுக்கும் விற்பனையாளரிடம் விலை பேசவே தேவையில்லை.

ஓடிய தூரம் குறைவு என்பதற்குச் சந்தை தரும் பணம் எனக்கு ஒப்பவில்லை. 12,000 மைல் ஓடிய வண்டிக்கும் 90,000 மைல் ஓடிய வண்டிக்கும் வயது ஒன்றே. ரப்பர் குழாய்களும் எண்ணெய்த் தடுப்பு வளையங்களும் நிற்கும்போதும் காய்கின்றன, இறுகுகின்றன. அவ்வப்போது பத்து நிமிடம் மட்டும் எடுத்து ஓட்டி நிறுத்தினால், ஆயிலுக்குள் ஊறும் ஈரம் ஆவியாகும் அளவுக்கு இன்ஜின் சூடேறுவதே இல்லை. அந்த ஆயிலில்தான் பேரிங் குளிக்கிறது. வாரம்தோறும் நெடுந்தூரம் ஓடி, ஆண்டுதோறும் ஆயில் மாறி, ஒவ்வொரு வேலைக்கும் பில் வைத்திருக்கும் 90,000 மைல் வண்டி எனக்கு நம்பகமானது. காட்சிக்கு வைக்க வாங்குகிறவர் 12,000 மைல் வண்டியைக் கூடுதல் விலைக்கு வாங்குவதில் நியாயம் உண்டு. அவர் வாங்குவது ஒரு காட்சிப்பொருள். ஓட்ட வாங்குகிறவர் அதே விலையைக் கொடுத்தால், ஓட்ட ஓட்டக் குறையும் ஒரு எண்ணுக்குப் பணம் கொடுக்கிறார். அவர் முதல் ஐயாயிரம் மைல் ஓட்டி முடிக்கும்போது, கொடுத்ததில் ஒரு பங்கு போயிருக்கும். காய்ந்த ரப்பரை மாற்றும் செலவு தனி.

விற்பவர் பக்கத்து நியாயங்களில் ஒன்று அடிக்கடி கேட்பது: இந்த வண்டிக்கு நான் இவ்வளவு செலவழித்திருக்கிறேன். செலவழித்தது மெய்யாக இருக்கலாம். ஆனால் அவர் ரசனைக்கு மாற்றிய சக்கரமும் ஒலிப்பெட்டியும் அடுத்தவருக்குப் பிரித்தெடுக்க வேண்டிய பாரம். பழைய 911 உலகில் ஆலையிலிருந்து வந்தபடியே இருப்பதற்குத்தான் மதிப்பு. ஆய்வாளர்கள் கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண காபிக் கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்ட மாணவர்கள், அதை விற்கக் கேட்ட விலை, இல்லாத மாணவர்கள் வாங்கத் தர முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. சில நிமிடம் வைத்திருந்த கோப்பைக்கே அப்படியென்றால், பதினைந்து ஆண்டுகள் ஞாயிறுதோறும் கழுவித் துடைத்த காருக்கு எப்படி இருக்கும்? அந்தப் பாசத்தை நான் மதிக்கிறேன். அது அவருடையது, அவரிடமே இருக்கட்டும். விலையில் அதைச் சேர்க்க முடியாது. மறுபுறம், வாங்குபவர்கள் விலையை எவ்வளவு கீழே இழுத்தாலும் 911-க்கு ஒரு தரை உண்டு. யானை இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது இந்த வண்டிக்கு அப்படியே பொருந்தும்: கதவு, கியர்பாக்ஸ், இருக்கை என்று பிரித்து விற்றாலே கணிசமான தொகை தேறும். அந்தத் தரைக்கும் கீழே ஒருவர் விலை சொன்னால், மகிழ்வதற்கு முன் ஆவணங்களைப் பார்க்க வேண்டும்.

ஒரு பொருளின் விலை என்பது அதை வாங்க ஒருவர் தரத் தயாராக இருக்கும் தொகைதானே, ஏலத்தில் விற்றுவிட்டால் அதை எப்படி அதிகம் என்பது என்ற எதிர்வாதம் பலமானது. பிரிங் எ ட்ரெய்லர் போன்ற ஏலத் தளங்கள் வந்தபின், விற்று முடிந்த விலைகள் எல்லோர் கண்ணிலும் படுகின்றன. இது பெரிய நன்மை. விளம்பரத்தில் கேட்கும் விலை ஒரு ஆசை மட்டுமே; ஏலத்தில் முடிந்த விலை ஒரு நிகழ்வு. ஆனால் ஒரு நிகழ்வு சட்டமாகிவிடாது. இருநூறு படங்களும் தடிமனான பராமரிப்புக் கோப்பும் கொண்ட வண்டி, ஒரே இரவில் அதை விரும்பிய இருவர் மோதிக்கொண்டதால் எட்டிய தொகையை, மறுநாள் காலை படமும் கோப்பும் இல்லாத இன்னொரு வண்டிக்காரர் தன் விளம்பரத்தில் எழுதிவிடுகிறார். அங்கே விற்றது காரும் அதன் வரலாறும் சேர்ந்து. இங்கே இருப்பது கார் மட்டும். ஏல விலை என் வாதத்தை மறுக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. முதலீடு என்று பேசுகிறவர்களுக்கும் இரண்டு எண்கள் சொல்ல வேண்டும். 1999 மாடல் 911 கரேரா அமெரிக்காவில் சுமார் 65,000 டாலருக்குப் புதிதாக விற்றது. பணவீக்கத்தைச் சேர்த்தால் அது 2023இன் பணத்தில் ஏறத்தாழ 1,19,000. இருபது ஆயிரத்துக்கு விழுந்து முப்பதுக்கு ஏறிய வண்டியைக் காட்டி விலை ஏறுகிறது என்கிறார்கள். இடையில் கட்டிய காப்பீடும், போட்ட டயரும், செய்த சர்வீஸும் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

ஆசையால் வாங்கும் பொருளுக்கு இத்தனை கணக்கு எதற்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஆசைக்குப் பணம் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. சரியும் பின்புறம், பின்னாலிருந்து எழும் அந்த உறுமல், சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் கைக்குச் சொல்லும் ஸ்டியரிங், இவற்றுக்காக ஒருவர் அதிகம் கொடுத்தால் அவர் கொடுத்ததற்கு உரியதைப் பெறுகிறார். ஆனால் இந்த இன்பம் எல்லா 996-இலும் உண்டு. காகிதம் இல்லாத வண்டியிலும் உண்டு. ஆகவே ஒரு குறிப்பிட்ட வண்டிக்குக் கூடுதலாகக் கேட்கும்போது, அந்தக் கூடுதல் ஆசைக்கானது இல்லை, அந்த வண்டி நலமாக இருக்கிறது என்ற வாக்குக்கானது. வாக்கு சோதனைக்குரியது. 22,000 டாலருக்கு வரும், ஒரு ரசீதும் இல்லாத, பத்து வயது டயரோடு நிற்கும் 996 அதிக விலை. கிளட்ச், பேரிங், குளிர்நீர்க் குழாய்கள், ஆண்டுக்கொரு ஆயில் எனக் கோப்பு தடித்த 32,000 டாலர் வண்டி நியாயம் என்பது என் தீர்ப்பு.

இன்று அப்படி ஒரு காரை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆயில் மாற்றிய பில்லைக்கூட எறியாதீர்கள். தேதியையும் ஓடிய தூரத்தையும் அதன் மேல் உங்கள் கையால் எழுதி வையுங்கள். மோதியிருந்தால் மோதியதையும் எழுதுங்கள், பழுதுபார்த்த படங்களையும் சேர்த்து. சாவியைக் கொடுக்கும் நாளில் அந்த ஃபைலையும் சேர்த்துக் கொடுங்கள்.